சாரணர் இயக்கத்தில் எந்தச் சொல்லை எங்கே சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் பாடம் நடத்தும் நேரம் போக, பல ஆண்டுகளாகச் சாரண ஆசிரியராகவும் இருந்து வருகிறேன். புதிதாகப் பயிற்சி முடித்து வரும் ஆசிரியர்கள், விழா அழைப்பிதழ் அச்சடிப்பவர்கள், உள்ளூர்ச் செய்தியாளர்கள், பெற்றோர் என்று பலரும் என்னிடம் சொற்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தில், அதாவது ஆங்கிலத்தில் ஸ்கவுட்ஸ் அண்டு கைட்ஸ் எனப்படுவதில், புழங்கும் சொற்களைப் பற்றித்தான் பேச்சு. வழக்கம் ஒன்றாகவும் என் விருப்பம் வேறாகவும் இருக்கும் இடங்களில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

'சாரணர்' என்ற சொல் இந்த இயக்கத்துக்காக உருவாக்கியதா?

இல்லை, மிகப் பழைய சொல். சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு திருவரங்கத்துப் பக்கம் வரும்போது சாரணர் தோன்றுவார்கள். அங்கே சாரணர் என்றால் நினைத்த இடத்துக்கு வான்வழியாகவே சென்றுவரும் ஆற்றல் பெற்ற சமணத் துறவியர். ஓர் இடத்தில் தங்காமல் இயங்கிக்கொண்டே இருப்பவர் என்பது சொல்லின் அடி. ஒற்றர் என்ற பொருளும் இதற்கு உண்டு.

ஆங்கிலத்தில் ஸ்கவுட் என்றால் படைக்கு முன்னால் போய் நிலம், நீர், எதிரியின் நடமாட்டம் எல்லாவற்றையும் பார்த்து வந்து சொல்பவர். இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் ராணுவத்தில் இருந்தவர். வீரர்களுக்கு அவர் எழுதிய வேவுக்கலைக் கையேடு 1899இல் வந்தது. அதையே சிறுவர்களுக்கான பயிற்சியாக மாற்றி, 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் 20 பையன்களோடு முகாம் நடத்திப் பார்த்தார். போர் போய்விட்டது. சுற்றித் திரிவது, கூர்ந்து பார்ப்பது, நினைவில் வைப்பது ஆகியவை தங்கின. இப்படிப் பார்த்தால் 'சாரணர்' என்பது அவர் மனதில் இருந்ததற்கு மிக நெருக்கமான சொல். இதைத் தேர்ந்தவர் யாராக இருந்தாலும், தமிழை நன்றாக அறிந்தவர்.

சாரணனா, சாரணரா, சாரணர்களா?

ஒருவரைச் சொல்லும்போதும் 'சாரணர்' என்றே எழுதுங்கள். பழைய அச்சுகளில் 'சாரணன் நம்பத்தகுந்தவன்' என்று இருக்கும். இலக்கணப்படி அதில் பிழையில்லை. ஆனால் 11 வயதுப் பையனை நம்பிக்கைக்கு உரியவன் என்று சொல்லும் இடத்தில் அவனுக்கு ஒரு 'ர்' கொடுப்பதில் நமக்கு என்ன குறைந்துவிடும்? 'சாரணர் நம்பத்தகுந்தவர்' என்று அவன் வாயாலேயே சொல்லும்போது முதுகு தானாக நிமிர்வதைப் பார்த்திருக்கிறேன்.

பன்மைக்குச் 'சாரணர்கள்' சரி. 'சாரணர் மாணவர்கள்' என்று செய்திகளில் வருகிறது, அது வேண்டாம். 'சாரண மாணவர்கள்' என்றோ வெறுமனே 'சாரணர்கள்' என்றோ எழுதினால் போதும்.

எழுத்தையும் கவனியுங்கள். மூன்று சுழி 'ண'தான். 'சாரனர்', 'சாரனியர்' என்ற பிழை பதாகைகளில் நிறைய வருகிறது. அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்த ஓர் எழுத்தை மட்டுமாவது சரிபார்த்துவிடுங்கள்.

பெண் குழந்தைகளுக்கு என்ன சொல்? 'கைடு' என்றால் வழிகாட்டி என்று மொழிபெயர்க்கலாமா?

சாரணியர். ஒருவருக்கும் அதுவே, பலருக்கும் அதுவே. 'சாரணி' என்று ஒருமையில் சொல்வதும் உண்டு. மேலே சாரணருக்குச் சொன்ன அதே காரணத்தால் நான் 'சாரணியர்' என்றே எழுதுகிறேன்.

'வழிகாட்டி' வேண்டாம். நம் ஊரில் கைடு என்றதும் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது பொதுத்தேர்வுக்கு வாங்கும் கைடு. பெரியவர்களுக்குச் சுற்றுலா கைடு. இரண்டுமே இல்லை. 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் திடலில் சாரணர்கள் கூடிய திரளணிக்குச் சிறுமிகள் சிலர் தாங்களாகவே சாரணர் உடை அணிந்து வந்து, எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அடுத்த ஆண்டு, 1910இல், அவர்களுக்கென்று ஓர் அமைப்பு உருவானது. பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் அதைப் பார்த்துக்கொண்டார். அதற்குக் கைட்ஸ் என்ற பெயரை பேடன் பவல் எடுத்தது இந்தியாவிலிருந்து. வடமேற்கு எல்லைப்புறத்தில் 1846இல் தொடங்கப்பட்ட 'கோர் ஆஃப் கைட்ஸ்' என்ற படைப்பிரிவின் பெயர் அது. துணிச்சலுக்கும் சமயோசிதத்துக்கும் பேர்போன பிரிவு. ஆகவே 'சாரணியர்' என்பது சாரணருக்கு ஒட்டுவால் போட்ட பெயர் என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

ஒருமுறை எங்கள் முகாமில் சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் 'சாரணர்' என்று மட்டும் அச்சாகி வந்துவிட்டது. ஒரு எட்டாம் வகுப்பு மாணவி சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், இது என்னோடதுதானா?" என்று கேட்டாள். அன்று இரவே உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் கையால் எழுதித் திருத்திக் கொடுத்தோம். இயக்கத்தின் பெயரிலேயே இருவரும் இருக்கிறார்கள்: பாரத சாரண சாரணியர் இயக்கம். இடத்தை மிச்சப்படுத்த அதைச் 'சாரணர் இயக்கம்' என்று சுருக்குவது பேச்சில் சரி, நானும் அப்படித்தான் பேசுகிறேன். அழைப்பிதழிலும் சான்றிதழிலும் முழுப்பெயர் வரவேண்டும்.

'குருளையர்' என்ற சொல் பிள்ளைகளுக்குப் புரியவில்லையே, மாற்றலாமா?

மாற்றாதீர்கள், சொல்லிக்கொடுங்கள். இயக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த சொல் இதுதான்.

5 முதல் 10 வயது வரையான பையன்களின் பிரிவு ஆங்கிலத்தில் கப் எனப்படும். ஓநாய்க் குட்டி என்பது முதலில் இருந்த பொருள். 1916இல் இந்தப் பிரிவுக்குக் கையேடு எழுதியபோது பேடன் பவல், எழுத்தாளர் கிப்ளிங்கின் காட்டுக் கதைகளிலிருந்து ஓநாய்க் கூட்டத் தலைவன் அகேலா, கரடி பாலு, கருஞ்சிறுத்தை பகீரா எல்லாரையும் எடுத்துக்கொண்டார்.

இதைத் தமிழில் 'குட்டியர்' என்று வைத்திருக்கலாம், 'இளையர்' என்றும் வைத்திருக்கலாம். 'குருளையர்' என்று வைத்தார்கள். தொல்காப்பியத்தின் மரபியலில் எந்த விலங்கின் குட்டிக்கு எந்தப் பெயர் என்று ஒரு கணக்கே உண்டு. "நாயே பன்றி புலிமுயல் நான்கும் ஆயுங் காலைக் குருளை என்ப" என்பது அங்கே வரும் நூற்பா. அதையடுத்து, நரிக்கும் அது பொருந்தும் என்கிறது. நாய்க்கும் நரிக்கும் குருளை என்றால் ஓநாய்க்கு வேறென்ன சொல்வது? இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள நூலின் கணக்குக்கு இவ்வளவு துல்லியமாகப் பொருந்தும் சொல்லைப் புரியவில்லை என்று கைவிடலாமா? இரண்டாம் வகுப்புக் குழந்தைக்குப் 'புலிக்குட்டிக்குப் பழைய பேரு குருளை' என்று சொன்னால் ஒரே நாளில் பிடித்துக்கொள்ளும்.

'நீலப்பறவையர்' என்கிறோம். ஆனால் புல்புல் நீலப் பறவை இல்லையே?

இல்லைதான். குருளையர் வயதுச் சிறுமிகளின் பிரிவுக்கு ஆங்கிலத்தில் புல்புல் என்று பெயர். புல்புல் நாம் கொண்டைக்குருவி, சின்னான் என்றெல்லாம் சொல்லும் பறவை. உடம்பு பழுப்பு, வாலடியில் சிவப்பு.

இது பழைய பெயரின் மிச்சம். இங்கிலாந்தில் சிறுமிகள் பிரிவுக்கு பிரவுனி என்று பெயர், அங்குள்ள நாட்டார் கதைகளில் வரும் குட்டித் தேவதையின் பெயர். இந்தியாவில் அது ஒட்டவில்லை, இங்கே 'புளூ பேர்ட்' என்று வைத்தார்கள். பின்னால் அது புல்புல் என்று மாறியது. தமிழில் மட்டும் முந்தைய பெயரின் மொழிபெயர்ப்பு நிலைத்துவிட்டது. எனவே 'புல்புல்', 'நீலப்பறவையர்' இரண்டும் ஒரே பிரிவுதான். பதிவுப் படிவத்தில் ஒன்றும் பதாகையில் இன்னொன்றும் இருந்தால் குழம்ப வேண்டாம். சிறுமிகளிடம் எந்தப் பெயர் பிடிக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் நீலப்பறவைக்குத்தான் கை தூக்குகிறார்கள்.

மழலையர் பிரிவை எப்படி எழுதுவது?

மூன்று வயதிலிருந்து உள்ள குழந்தைகளுக்கான அந்தப் பிரிவுக்கு ஆங்கிலத்தில் முயல்குட்டியின் செல்லப்பெயர். அதை அப்படியே ஒலிபெயர்த்தால் 'பன்னி' என்று வரும். பேச்சுத் தமிழில் பன்னி என்றால் பன்றி. பெற்றோர் மனம் சங்கடப்படும், பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். எனவே தமிழில் எழுதும்போது 'முயல்குட்டிகள்' என்றே எழுதிவிடுங்கள். ஆங்கிலப் பெயர் வேண்டும் என்ற இடத்தில் பன்மையில் 'பன்னீஸ்' என்று எழுதலாம்.

'திரிசாரணர்' என்பதில் 'திரி' என்றால் மூன்றா? 'ச்' வருமா?

மூன்று இல்லை, விளக்குத் திரியும் இல்லை. திரிதல், சுற்றி வருதல். இது வினைத்தொகை: திரிந்த சாரணர், திரிகின்ற சாரணர், திரியும் சாரணர். ஆங்கிலத்தில் ரோவர் என்பதும் ஊர் ஊராகத் திரிபவர்தான். 25 வயது வரையுள்ள கல்லூரி மாணவர்களும் வேலைக்குப் போகும் இளைஞர்களும் இதில் இருக்கலாம். பெண்களுக்குத் 'திரிசாரணியர்', ஆங்கிலத்தில் ரேஞ்சர்.

வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாயை ஊறுக்காய் என்றோ, சுடுசோற்றைச் சுடுச்சோறு என்றோ நாம் எழுதுவதில்லை. அதுபோல 'திரிச்சாரணர்' தவறு. இடைவெளி விட்டுத் 'திரி சாரணர்' என்று எழுதுவதும் வழக்கத்தில் இருக்கிறது. சேர்த்து எழுதினால்தான் பொருள் கெடாது என்பது என் எண்ணம்.

மூன்று என்ற குழப்பத்துக்குக் காரணம் உண்டு. சாரணர் ஏறிச்செல்லும் படிகளில் ஒன்று 'திரிதீய சோபான்'. அங்கே 'திரிதீய' என்றால் உண்மையிலேயே மூன்றாவது. இரண்டையும் ஒரே நாளில் கேட்கும் பிள்ளை குழம்பத்தான் செய்யும்.

சாரணரும் என்.சி.சி.யும் ஒன்றா? 'படை' என்று சொல்லலாமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். சொல் தவறினால் இயக்கமே தவறாகப் புரியும் இடம் இது.

என்.சி.சி. எனப்படும் தேசிய மாணவர் படை 1948இல் சட்டத்தின் மூலம் தொடங்கப்பட்டு, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் வந்தது, மாணவர்கள் ஊர்ப்பணியில் ஈடுபடுவதற்கானது. ஜே.ஆர்.சி. என்பது செஞ்சிலுவைச் சங்கத்தின் இளையோர் பிரிவு. பாரத சாரண சாரணியர் இயக்கம் இவற்றிலிருந்து வேறு: தாமாக விரும்பிச் சேரும், கட்சி சாராத, கல்வி சார்ந்த இயக்கம். எல்லா மதத்தவரும் எல்லாச் சாதியினரும் சேரலாம். இவை நான்கும் ஒரே மைதானத்தில் ஒரே குடியரசு நாளில் அணிவகுப்பதால் வெளியில் இருப்பவர்களுக்கு வேறுபாடு தெரிவதில்லை.

சாரணர் அணிவகுப்பதுண்டு, சீருடை உண்டு, கொடி உண்டு. ஆயுதம் இல்லை. ஆகவே சில சொற்களைத் தவிர்க்கச் சொல்வேன். 'ஆள்சேர்ப்பு' வேண்டாம், 'சேர்க்கை' போதும். 'வீரர்கள்' வேண்டாம், 'சாரணர்கள்'. 'சாரணர் படை' என்பது மட்டும் சிக்கலானது. ஒரு பள்ளியில் இருக்கும் சாரணர் தொகுதிக்கு அந்தச் சொல் நீண்ட காலமாகவே வழக்கில் இருக்கிறது. உள்ளுக்குள் சொல்லும்போது யாருக்கும் தவறாகப் படாது. ஆனால் செய்தித்தாளில் 'படை' என்று பார்த்த ஒரு தாய், "என் பையனைப் பட்டாளத்துக்கு அனுப்பப்போறீங்களா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து வெளியாருக்கு எழுதும்போது 'எங்கள் பள்ளிச் சாரணர் பிரிவு' என்று எழுதுகிறேன். எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல 'இயக்கம்' என்ற சொல் இருக்கவே இருக்கிறது.

படைக்குள் இருக்கும் சிறு குழுக்களுக்கு என்ன பெயர்?

அணி. ஆறு முதல் எட்டுப் பேர். அதற்கு ஓர் அணித்தலைவர். சாரணர் அணிகளுக்குச் சிங்கம், புலி என்று விலங்குப் பெயர்கள் வைப்பார்கள். சாரணியர் அணிகளுக்குப் பெரும்பாலும் பூக்களின் பெயர். 'லீடர்' என்பதற்கு 'அணித்தலைவர்' என்றே சொல்லிப் பழக்குங்கள். வகுப்பு லீடர் பேசுபவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுபவர். அணித்தலைவர் தன் அணி சாப்பிட்டதா என்று பார்த்துவிட்டுத் தான் சாப்பிடுபவர். இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகவே செய்வார்கள்.

அணித்தலைவர்கள் கூடி முடிவெடுக்கும் கூட்டத்துக்கு ஆங்கிலப் பெயரில் கோர்ட் என்ற சொல் வருவதால் அதைச் சிலர் நீதிமன்றம் என்று எழுதுகிறார்கள். அங்கே யாருக்கும் தண்டனை கொடுப்பதில்லை. அடுத்த முகாமில் யார் என்ன செய்வது, அணி நிதியை எப்படிச் செலவிடுவது என்று பேசுவதே அதிகம். 'அணித்தலைவர் அவை' என்று நாங்கள் சொல்கிறோம்.

ஆசிரியர்களை எப்படி அழைப்பது?

எழுத்தில் சாரண ஆசிரியர், சாரணிய ஆசிரியர். குருளையர் பிரிவுக்குக் குருளையர் ஆசிரியர். பள்ளியில் பிள்ளைகள் கூப்பிடுவது 'ஸ்கவுட் சார்', 'கைடு மிஸ்'. அது அப்படியே இருக்கட்டும், திருத்த வேண்டிய பிழை அதில் எதுவும் இல்லை. குருளையர்கள் தங்கள் ஆசிரியரை 'அகேலா' என்று கூப்பிடும்போது அந்தக் குரலில் இருக்கும் உரிமை 'சார்' என்பதில் வராது. திரிசாரணர்களைச் சின்னப் பிள்ளைகள் அண்ணா, அக்கா என்பது எங்கள் ஊர் வழக்கம்.

மாவட்ட அளவில் முதன்மை ஆணையர், ஆணையர், செயலாளர், அமைப்பு ஆணையர், பயிற்சி ஆணையர் என்று பொறுப்புகள் உண்டு. ஆணையர் என்றதும் காவல்துறை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 'சாரண' என்ற அடைமொழியை விடாமல் எழுதினால் போதும்.

உறுதிமொழியா, சத்தியமா, பிரமாணமா?

உறுதிமொழி. சத்தியம் என்றால் பிள்ளைகளுக்கு அம்மா தலைமேல் அடித்துச் செய்வது. மீறினால் ஏதோ கெடுதல் நடக்கும் என்ற பயம் அதோடு சேர்ந்து வரும். பிரமாணம் என்றால் அமைச்சர்கள் எடுப்பது. சாரணர் உறுதிமொழியின் உயிர், 'இயன்றவரை முயல்வேன்' என்று வரும் பகுதியில் இருக்கிறது. தோற்றுப்போனாலும் மறுநாள் மீண்டும் முயலலாம் என்பதை அந்தச் சொல் குழந்தைக்குக் கொடுக்கிறது.

உறுதிமொழியில் கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை ஆற்றுவது பற்றி வரும். கடவுள் என்ற சொல்லுக்குப் பதிலாகத் 'தர்மம்' என்று விரும்பியவர்கள் சொல்லலாம் என்று இயக்கத்தின் விதியே இடம் கொடுக்கிறது. ஆனால் இங்கே ஒரு சிக்கல். தமிழ்நாட்டுப் பிள்ளைக்குத் தர்மம் என்றால் கோயில் வாசலில் போடுவது. 'தர்மத்துக்குக் கடமை' என்றால் பிச்சை போடுவதா என்று ஒரு பையன் கேட்டான், நல்ல கேள்வி. 'அறம்' என்று விளக்குங்கள். உறுதிமொழியின் சொற்களை நாமாக மாற்றிவிடக் கூடாது. விளக்கம் சொல்ல நம் மொழியில் அதைவிட நல்ல சொல் கிடையாது.

சாரணர் சட்டம் 9ஆ, 10ஆ?

நம் இயக்கத்தில் 9. பேடன் பவல் 1908இல் எழுதியதும் 9தான். 1911இல் அவர் பத்தாவதாக எண்ணம், சொல், செயலில் தூய்மை என்பதைச் சேர்த்தார். நாம் அதை ஒன்பதாவதாக வைத்திருக்கிறோம். வேறு நாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பத்து என்று எழுதிவிட வேண்டாம். 'சட்டம்' என்பதே அச்சில் உள்ள சொல். குழந்தைகளிடம் பேசும்போது 'நம் விதி' என்று சொல்கிறேன், சட்டம் என்றால் போலீஸ் பிடிக்கும் என்ற எண்ணம் வருவதால்.

நற்செயல், தொண்டு, சேவை இவற்றில் என்ன வேறுபாடு?

நற்செயல் என்பது நாளுக்கு ஒன்று, யாரும் பார்க்காமல், கைம்மாறு வாங்காமல் செய்வது. பாட்டிக்குப் பையைத் தூக்கிக் கொடுத்தால் அது நற்செயல். பொங்கல் கூட்டத்தில் பேருந்து நிலையத்தில் நின்று வழி சொன்னால் அது தொண்டு. 'சேவை' என்பதையும் எல்லாரும் சொல்கிறார்கள், தவறில்லை. அலைபேசி நிறுவனம் முதல் வங்கி வரை எல்லாமே இன்று சேவை என்று ஆகிவிட்டதால் திரிசாரணர்களுக்குத் 'தொண்டு' என்றே எழுதிக்கொடுக்கிறேன். அவர்களின் குறிக்கோள் சொல்லே அதுதான்.

நற்செயலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. பெயரை மாற்றாமலேயே பொருளை மாற்றிவிடும் பழக்கம் அது, தயவுசெய்து வேண்டாம்.

சோபான், புரஸ்கார் என்ற பெயர்களைத் தமிழில் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் சான்றிதழில் உள்ள பெயரும் பக்கத்தில் இருக்க வேண்டும். பிரவேஷ், பிரதம சோபான், துவிதீய சோபான், திரிதீய சோபான் என்பது வரிசை. சோபானம் என்றால் படிக்கட்டு. ஆகவே நுழைவு, முதற்படி, இரண்டாம்படி, மூன்றாம்படி என்று சொன்னால் பெற்றோருக்கு உடனே விளங்கும். இவை விருதுகள் அல்ல, படிகள். 'திரிதீய சோபான் விருது பெற்றார்' என்று எழுதுவது பொருந்தாது, 'தேர்ச்சி பெற்றார்' என்பதே சரி.

அதற்கு மேலே உள்ளவை விருதுகள். ராஜ்ய புரஸ்கார் மாநில அளவில், ஆளுநர் கையெழுத்தோடு வருவது. தமிழில் 'ஆளுநர் விருது' என்ற பெயரும் நன்றாகப் பரவிவிட்டது. அடுத்தது குடியரசுத் தலைவர் விருது. முதல் தடவை எழுதும்போது 'ராஜ்ய புரஸ்கார் எனப்படும் ஆளுநர் விருது' என்று எழுதிவிட்டு, அப்புறம் தமிழ்ப் பெயரையே பயன்படுத்துங்கள்.

'இமய வனக்கலை' என்றால் காட்டைப் பற்றிய பயிற்சியா?

ஆசிரியர்களுக்கான உயர்நிலைப் பயிற்சி. ஆங்கிலத்தில் ஹிமாலய உட் பேட்ஜ். 1919இல் லண்டனுக்கு அருகே கில்வெல் பார்க்கில் நடந்த முதல் பயிற்சியை முடித்தவர்களுக்கு, பேடன் பவல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஜூலு மணிமாலையின் மரமணிகளைக் கொடுத்தார்கள். இன்றும் பயிற்சி முடித்தவர்கள் தோல்கயிற்றில் இரண்டு மரமணிகளைக் கோத்துக் கழுத்தில் அணிகிறார்கள். 'உட்' என்பதைக் காடாக எடுத்துக்கொண்டு தமிழில் வனக்கலை என்றார்கள். காட்டில் வாழும் கலையும் இயக்கத்தின் பாடம்தான் என்பதால் அந்தப் பெயர் பொருந்திவிட்டது. 'பதக்கம்' என்று மட்டும் எழுதாதீர்கள், அது மணி.

ஜாம்பூரியா, பெருந்திரளணியா?

பெருந்திரளணி. அருமையான சொல். 'திரளணி' என்பது மாவட்ட அளவில், மாநில அளவில் கூடுவது, பெருந்திரளணி அதைவிடப் பெரியது. 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறையில் நடந்த வைரவிழாப் பெருந்திரளணிக்குப் பிறகு இந்தச் சொல் இயக்கத்துக்கு வெளியேயும் தெரிந்துவிட்டது. உலக அளவில் முதல் ஜாம்பூரி 1920இல் லண்டன் ஒலிம்பியாவில் நடந்தது.

கேம்ப் ஃபயருக்குத் தமிழ்ச் சொல் உண்டா?

பாடித்தீ. பாடி என்றால் படை தங்கும் இடம், பாசறை. பாட்டுப் பாடுவதால் பாடித்தீ என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள், அதுவும் அங்கே நடப்பதுதான். பேச்சில் எல்லாரும் கேம்ப் ஃபயர் என்கிறார்கள். நிகழ்ச்சி நிரலில் 'பாடித்தீ' என்று அச்சிட்டு, கூப்பிடும்போது எப்படி வருகிறதோ அப்படிக் கூப்பிடுங்கள். ஸ்கார்ஃப், அதைக் கழுத்தில் கோத்துப் பிடிக்கும் வளையமான வாகிள், நடைப்பயணமான ஹைக் போன்றவற்றுக்குப் புதுச்சொல் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

நவம்பர் 7 கொடி நாளா?

தமிழ்நாட்டில் கொடி நாள் என்றால் எல்லாருக்கும் டிசம்பர் 7, முப்படையினருக்காக நிதி திரட்டும் நாள். நம்முடையது நவம்பர் 7. 1950இல் அந்த நாளில்தான் நாட்டிலிருந்த வெவ்வேறு சாரணர் அமைப்புகள் ஒன்றாகிப் பாரத சாரணர் இயக்கம் உருவானது. அடுத்த ஆண்டு சாரணியரும் சேர்ந்தார்கள். இரண்டுமே 7ஆம் தேதி என்பதால் குழப்பம் கூடுகிறது. 'இயக்க நிறுவன நாள்' என்று எழுதுங்கள். கொடி ஒட்டி விற்கும்போதும் அதையே சொல்லி விற்றால், வாங்குபவருக்குத் தன் பணம் எங்கே போகிறது என்பது தெரியும்.

பிப்ரவரி 22 சிந்தனை நாள். பேடன் பவல் 1857இலும் அவர் மனைவி ஒலேவ் 1889இலும் அதே தேதியில் பிறந்தார்கள்.

இடது கையால் கைகுலுக்குவது மரியாதைக் குறைவு இல்லையா?

சாரணர்கள் ஒருவருக்கொருவர் இடது கையால்தான் கைகுலுக்குவார்கள். நம் ஊரில் இடது கையால் எதையும் கொடுக்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கிறோம், அதனால் தாத்தா பாட்டிகள் கேட்கும் கேள்வி இது. ஆப்பிரிக்காவில் அசாந்தி இனத் தலைவர் ஒருவர், கேடயம் பிடிக்கும் கையைக் கேடயத்தை விட்டுவிட்டு நீட்டுவதே நம்பிக்கையின் அடையாளம் என்று சொன்னதாக ஒரு கதை இயக்கத்தில் வழங்குகிறது. 'சாரணர் கைகுலுக்கல்' என்று சொல்லுங்கள், 'இடதுகைக் குலுக்கல்' என்று வேண்டாம். அது சாரணருக்கும் சாரணருக்கும் இடையில் மட்டும். வீட்டுக்கு வரும் மாமாவுக்கு வணக்கம்தான்.

இலங்கைத் தமிழர் வேறு சொற்களைப் பயன்படுத்துகிறார்களே?

ஆமாம், எதுவும் தவறில்லை. அங்கே 1912இல் மாத்தளையில் சாரணியம் தொடங்கியது. நம் குருளையர் அங்கே குருளைச் சாரணர். நம் முகாம் அங்கே பாசறை, பாடித்தீ அங்கே தீப்பாசறை. குடியரசுத் தலைவர் விருது ஜனாதிபதி சாரணர் விருது. உறுதிமொழி எடுத்துச் சேரும் நிகழ்ச்சியைச் சின்னஞ்சூட்டல் என்கிறார்கள், நாமும் எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும் அழகான சொல். கூட்டு முகாம்களுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இந்தச் சொற்களை முன்பே சொல்லி அனுப்புங்கள். யார் சொல்வது சரி என்று அங்கே போய் வாதாட வேண்டியிருக்காது.

நிறுவனர் பெயரை எப்படி எழுதுவது?

பேடன் பவல், பேடன் பாவெல், பாடன் பவுல் என்று பலவிதமாக எழுதுகிறார்கள். அவர் தன் பெயரை 'பேடன் போயல்' என்பதற்கு நெருக்கமாகவே சொல்லிவந்தார். மற்றவர்களுக்கு அதைப் புரியவைக்க ஒரு சின்ன எதுகைப் பாட்டுகூட எழுதி வைத்திருந்தார். ஆனால் தமிழில் பேடன் பவல் என்று பல தலைமுறைப் பிள்ளைகள் படித்துவிட்டார்கள். அதையே எழுதுங்கள். ஒரே சுற்றறிக்கையில் இரண்டு விதமாக எழுதாமல் பார்த்துக்கொண்டால் போதும்.